பெரிய வெள்ளியின் மூன்றாவது ஜெபம்

கம்பளையிலிருந்து நுவரெலியா பாதையில் ஏறினால் புசல்லாவையை அண்டியதும் ரொத்ஸ்சைல்ட் தோட்டம் வரும். நாவலப்பிட்டிக்காரர்களான எங்களுக்கு அது தூரமில்லை. கம்பளைக்கு வந்து பஸ் மாறினால் போதும். என் தாத்தா அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவர். கையில் குடையும் கக்கத்தில் வேதாகமமுமாக லயம் லயமாக நடந்தவர். பஸ் ஜன்னல் வழியாக ஒருமுறை அந்தத் தேயிலை மலையைக் காட்டி, "இது யூதங்க வச்ச தோட்டம்" என்றார். எனக்கு அது விளங்கவேயில்லை. யூதர் என்றால் வேதாகமத்துக்குள் இருப்பவர்கள். எரிகோவிலும் கப்பர்நகூமிலும் இருப்பவர்கள். அவர்கள் எப்படிப் புசல்லாவையில் வந்து தேயிலை வைத்தார்கள்?

உண்மையாகத்தான் வந்தார்கள். கேப்ரியல் டி வோர்ம்ஸ், மோரிஸ் டி வோர்ம்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். பிராங்பர்ட் வங்கிக் குடும்பத்து மேயர் அம்ஷல் ரொத்ஸ்சைல்டின் மூத்த மகள் வயிற்றுப் பிள்ளைகள். 1841இல் மோரிஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளைப் புசல்லாவையில் நட்டார். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். இவர்களுடையது அதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது. அப்போது முக்கியப் பயிர் கோப்பி. சகோதரர்கள் 1865இல் தோட்டங்களை விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பினார்கள். பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது. காடு வெட்டிய எங்கள் ஆட்கள், மன்னாரில் இறங்கி மாத்தளைவரை நடந்தே வந்தவர்கள், அவர்களும் தங்கிவிட்டார்கள்.

அந்த நடையில் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். தாத்தாவிடமே வருகிறேன்.

தாத்தா வேலை பார்த்த சபைக்கு ஆதியில் இருந்த பெயர் தமிழ்க் கூலி மிஷன். 1854இல் கண்டிப் பக்கத்துத் தோட்டத் துரைமார் சிலர் கேட்டுக்கொள்ள, சி.எம்.எஸ். மிஷன் அதைத் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். செலவில் பெரும்பகுதி துரைமாரின் சந்தா. எங்களுக்கு எழுத்து தந்தது அந்த மிஷன்தான். என் தகப்பனார் கணக்கப்பிள்ளை ஆனதற்கும் நான் வாத்தியாரம்மா ஆனதற்கும் அதுவே அடிப்படை. அந்த நன்றியை நான் மறைக்கமாட்டேன். ஆனால் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிற ஒருவனிடம், துரையின் அனுமதியோடு வந்து நிற்கிற உபதேசியார் சுவிசேஷம் சொன்னால், "எனக்கு வேண்டாங்க" என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? தாத்தாவுக்கே இந்த உறுத்தல் இருந்தது. அதனாலோ என்னவோ அவர் லயத்துக்குள் போனால் முதலில் காய்ச்சல்காரர் யார் என்று விசாரிப்பார். கடிதம் எழுதிக் கொடுப்பார். வேதாகமம் பெரும்பாலும் கக்கத்திலேயே இருக்கும்.

பெரிய வெள்ளி ஆராதனையில் அங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் வரிசையாக மூன்று ஜெபங்கள் உண்டு. மூன்றாவது ஜெபம் யூதரையும் துருக்கரையும் அவிசுவாசிகளையும் வேதப்புரட்டரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்கள் அறியாமையும் கடின இருதயமும் நீங்கி மந்தைக்குள் வரவேண்டும் என்று மன்றாடும். 1662ஆம் வருடத்துப் புத்தகம் அது. அதற்கும் முன்பே இங்கிலாந்தில் எழுதிய அந்த ஜெபத்தை, மகாவலிக் கரையிலிருந்த எங்கள் சின்னக் கோவிலில், வெற்றிலைக் கடைக்காரரும் ரயில்வே பைட்டரும் கொழுந்தெடுக்கிற பெண்களும் முழங்காலில் நின்று தமிழில் சொன்னோம். எங்களில் ஒருவராவது யூதர் ஒருவரைக் கண்ணால் கண்டதில்லை.

அம்மா மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். தவக்கால விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போனால் ராத்திரியில் வியாகுல பிரசங்கம் கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி தமிழில் எழுதிவைத்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒருவர் ராகத்தோடு இழுத்து வாசிப்பார். பெண்கள் முந்தானையால் வாய் பொத்தி அழுவார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. செத்த வீட்டு ஒப்பாரியின் உருக்கம் அதில் உண்டு. ஆனால் அடிப்பதும் துப்புவதும் முள்முடி வைத்து அழுத்துவதும் யார் என்றால், எங்கள் காதில் விழுந்தது யூதர், யூதர், யூதர். அழுகிற மாதாவும் யூதப் பெண்தான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மறுநாள் காலை மணலில் பாஸ்கா விளையாடுவோம். பேதுரு யார், யோவான் யார் என்று சண்டை வரும். யூதனாக மட்டும் யாரும் வரமாட்டார்கள். கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையனைப் பிடித்து யூதனாக்குவோம். அவன் அழுவான். சிப்பி எறிவோம்.

அந்தப் பையனின் முகத்தை எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது என் தங்கச்சி மகள்தான்.

அவள் இஸ்ரேலில், ஹைபா நகரத்தில், முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் தாக்குதலில் இலங்கையர் இருவரும் செத்தார்கள். அவள் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. சஃப்தா என்று கூப்பிடுகிறாள். அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ருமேனியாவில் யாசி என்ற ஊரில் பிறந்தவர். 1941 ஜூன் கடைசியில் அந்த ஊரில் நடந்த படுகொலையில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் செத்தார்கள். அவர்களில் பலர், பூட்டிய சரக்கு ரயில் பெட்டிகளுக்குள், தண்ணீரில்லாமல், மூச்சடைத்துச் செத்தவர்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் சஃப்தா இவள் கழுத்தையே பார்த்தாராம். கழுத்தில் தங்கச்சி போட்டு அனுப்பிய வெள்ளிச் சிலுவைச் சங்கிலி. சஃப்தாவின் மகள் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் பெரிய வெள்ளி வந்தால் சஃப்தாவின் தாயார் ஜன்னல்களைச் சாத்திவிடுவாராம். பிள்ளைகளை வெளியே விடமாட்டாராம். கோவில் கலைந்து வருகிற கூட்டம் என்ன செய்யுமென்று சொல்லமுடியாது. அந்த ஊர்களில் அது தலைமுறை தலைமுறையாக வந்த பயம். பக்கத்தில் கிஷினேவ் நகரத்தில் 1903இல் ஈஸ்டர் நாளில்தான் வெட்டிக் கொன்றார்கள். என் பெறாமகள் சங்கிலியைக் கழற்றப் போனபோது சஃப்தாவே தடுத்தாராம். அது உன்னுடையது, போட்டுக்கொள் என்றாராம். இவள் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

எங்களுக்கு ஆறுதலான ஒன்று இன்னொரு வீட்டில் ஜன்னலைச் சாத்தவைக்கும் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

தங்கச்சி இப்போது எங்கள் பழைய கோவிலுக்குப் போவதில்லை. ஒரு பெந்தெகொஸ்து சபைக்குப் போகிறாள். அங்கே மேடையில் இஸ்ரேல் கொடி வைத்திருக்கிறார்கள். எக்காளம் ஊதுகிறார்கள். எருசலேமின் சமாதானத்துக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். அந்தக் கண்ணீரில் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒருநாள் பிள்ளையிடமிருந்து வட்ஸ்அப் குரல் வந்தது.

"பெரியம்மா, பாஸ்டர் எபிரேய மொழியில ஒரு சின்னப் புத்தகம் அனுப்பிருக்காரு. இயேசுதான் உங்க மேசியான்னு போட்டிருக்காம். சஃப்தா மேசையில வச்சிரு, கர்த்தர் மத்ததப் பாத்துக்குவாருன்றாரு. அம்மாவும் வைக்கத்தான் சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?"

இந்தக் கேள்வி புதிதில்லை. இருநூறு வருடமாகத் திருச்சபைக்குள் இருக்கிறது. யூதரிடையே கிறிஸ்தவத்தைப் பரப்பும் லண்டன் சங்கம் 1809இல் பிறந்தது. பிறகு மதராசிலும் அதற்கு ஒரு கமிட்டி. கொச்சியைச் சேர்ந்த யூதர் மைக்கேல் சார்கன் 1818இல் ஞானஸ்நானம் பெற்று, 1820இல் அந்தக் கமிட்டியின் ஆளாகச் சொந்த ஊருக்கே திரும்பினார், யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த. பிறகு பம்பாய்ப் பக்கம் போனார். அங்கே ஸ்கொத்லாந்து மிஷனரி ஜான் வில்சன், மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதருக்கு எபிரேய இலக்கணம் எழுதிக் கொடுத்தார். பெனே இஸ்ரேல் மக்கள் பள்ளிக்கு வந்தார்கள். எபிரேயம் படித்தார்கள். மறந்துபோன தங்கள் ஜெபங்களைத் தாங்களே வாசிக்கக் கற்றார்கள். மதம் மாறியவர்கள் மிகச் சொற்பம். மிஷன் தந்த எழுத்தறிவால் அவர்கள் இன்னும் உறுதியான யூதரானார்கள். வரலாற்றில் எனக்குப் பிடித்த முடிவுகளில் இதுவும் ஒன்று. வில்சன் தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கொடுத்தது நல்ல கொடை.

கொச்சி யூதரும் அப்படிச் சாவகாசமாக மறுக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. கொச்சி ராஜாக்கள் அவர்களைத் துரத்தவில்லை. 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் ராஜாவின் அரண்மனையை ஒட்டியே நிற்கிறது. பயமில்லாதவனிடம் நீ உன் விசுவாசத்தைப் பேசலாம். அவன் சிரித்துவிட்டோ வாதாடிவிட்டோ வீட்டுக்குப் போவான். பயந்திருப்பவனிடம் பேசுவது வேறு. தங்கச்சியின் பாஸ்டருக்கு இந்த வேறுபாட்டைத்தான் நான் சொல்ல விரும்பினேன்.

1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மாமன்றம் முதல் தடவை கூடியபோது, தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர்களில் ஒருவர் நம் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ். சுவிசேஷம் சொல்வதை, பசித்த ஒரு பிச்சைக்காரன் சாப்பாடு கிடைக்குமிடத்தை இன்னொருவனுக்குக் காட்டுவதோடு ஒப்பிட்டவர் அவர். நான் அறிந்தவற்றில் அதுவே மிகத் தாழ்மையான விளக்கம். அந்த மாமன்றத்தின் முன் யூதர் பற்றிய ஓர் அறிக்கையும் வந்தது. யூத வெறுப்பு கடவுளுக்கும் மனிதருக்கும் விரோதமான பாவம் என்று அது சொன்னது. அதே அறிக்கை, யூதருக்கும் சுவிசேஷம் சொல்லுவது சபைகளின் கடமை என்றும் சொன்னது. அவுஷ்விட்ஸ் வாசல் திறந்து நாலு வருடம்கூட ஆகாத நிலையில், ஐரோப்பாவின் அகதி முகாம்களில் யூதர் இன்னும் படுத்துக்கிடந்த வேளையில், இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன அவசரம்? முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, அதன்படி நடந்து காட்ட ஒரு தலைமுறை எடுத்திருக்கலாம்.

அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர்களாக்கியது. நாடாளுமன்றத்தில் கை உயர்த்தி முடித்துவிட்டார்கள். ஒரு சட்டத்தால் ஒரு சனத்தை ஊரில்லாமல் ஆக்கலாம் என்பது யூதருக்கு 1935இலேயே, நூரெம்பர்க் சட்டங்களில், தெரிந்திருந்தது. வாயு அறைகளும் எங்கள் கதையும் ஒன்றல்ல. அப்படிச் சொல்வது செத்தவர்களுக்கு அவமரியாதை. ஆனாலும் தாத்தா தன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துப் பூட்டியதைப் பார்த்தவள் நான். பத்திரங்களை இப்படிப் பூட்டிவைத்த வீடுகள் பெர்லினிலும் இருந்திருக்கும்.

நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது 1874இல். மேலே ஏறுகிற கோச்சிகள் மூச்சு வாங்கி நிற்கிற ஊர். தியத்தலாவைக்கு ரயிலில் போவதென்றாலும் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போகவேண்டும். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இலங்கையிலிருந்த ஜெர்மன்காரர்களை வெள்ளையர் தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் சீக்மண்ட் பெனிகர். 1901இல் ஹானாவ் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து, ஞானபோனிக்க தேரர் என்ற பிக்குவானவர். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர். அவரையே எதிரி நாட்டான் என்று உள்ளே போட்டார்கள். பிறகு இந்தியாவில் டேராடூன் முகாம். 1946இல்தான் விடுதலை. கண்டி உடவத்தைக் காட்டில் அவருடைய ஆசிரமத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மெலிந்த மனிதர். பிள்ளைகளுக்குக் குரங்கு காட்டினார். 1994இல் காலமானார்.

அவர் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அவருடைய தாயார். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க ஜெபாலயங்கள் எரிந்தன. மகன் எப்படியாவது தாயை இங்கே கொண்டுவரத் துடித்தார். கொழும்பிலிருந்த பௌத்த தனவந்தர் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா உதவ, 1939இல் தாயார் வந்து சேர்ந்தார். அந்த வீட்டு ஆதரவில் வாழ்ந்து 1956இல் இங்கேயே கண் மூடினார். காலம் போகப் போக அவரும் பௌத்தத்தைத் தழுவினார். ஆனால் வரிசையைப் பாருங்கள். உத்தரவாதம் முதலில். கப்பல் அடுத்தது. சோறும் படுக்கையும் அதன் பிறகு. தர்மம் கேட்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், அவராகக் கேட்டபோது.

ஐரோப்பாவில் எத்தனை திருச்சபைகள் இந்த வரிசையில் நடந்தன? ஞானஸ்நானம் பெற்ற யூதருக்கு மட்டும் பரிந்து பேசிவிட்டு மற்றவர்களைப் பற்றி மௌனமாக இருந்த சபைகள்தான் அதிகம். அந்த ஞானஸ்நானமும் காப்பாற்றவில்லை. யூதராகப் பிறந்து கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஆன எடித் ஸ்டைனை 1942 ஓகஸ்டில் அவுஷ்விட்ஸில் கொன்றார்கள்.

வரிசை தப்பாத ஓர் இடம் பிரான்ஸ் மலையில் இருந்தது. லெ ஷாம்போன் என்ற புரொட்டஸ்தாந்து ஊர். பாஸ்டர் ஆந்த்ரே ட்ரொக்மேயும் மனைவி மக்தாவும் முன்னே நிற்க, சுற்றுவட்டக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கான அகதிகளை, பெரும்பாலும் யூதரை, வீட்டுப் பரணிலும் பண்ணையிலும் பள்ளியிலும் ஒளித்துவைத்தார்கள். அவர்களுடைய மூதாதையர் ஹூகனோக்கள், ராஜாவின் குதிரைப்படைக்குப் பயந்து காட்டில் ஒளிந்து ஜெபித்தவர்கள். துரத்தப்பட்டவனின் பேரப்பிள்ளைக்குக் கதவு தட்டும் சத்தம் விளங்கும்.

எங்களுக்கும் விளங்கவேண்டும். 1983 ஜூலையில் மலையக டவுன்களில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது நாங்கள் ஒளிந்திருந்தது ரயில்வே குவாட்டர்ஸில், ஒரு சிங்கள கார்ட் வீட்டில், விறகு அடுக்கிய பின்னறையில். ஒரு கூட்டம் வாசலுக்கு வந்து கேட்டது. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உள்ளே யாருமில்லை, என் மகளுக்கு அம்மை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார். போய்விட்டார்கள். அன்று மாலை புத்தர் படத்துக்கு வழக்கம்போல விளக்கேற்றிப் பிரித் சொன்னார். பிறகு பின்னறைக்கு வந்து, கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த என் அம்மாவின் பக்கத்தில் ஒரு மெழுகுதிரியை வைத்தார். உங்கள் சாமிக்கு ஏற்றுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். ஜன்னலுக்குச் சாக்குத் துணி கட்டினார், வெளிச்சம் வெளியே தெரியாமல்.

அந்த ராத்திரி அவர் எங்களிடம் பௌத்தம் பேசியிருந்தால் நாங்கள் தலையாட்டியிருப்போம். பணிவோடு கேட்டிருப்போம். பன்சலைக்கு வரச் சொன்னாலும் வந்திருப்போம். வேறு வழி? அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எந்தக் கடவுள் கணக்கில் எடுப்பார்?

பாஸ்டருக்கு ஒரு வாதம் இருக்கிறது. அது பலவீனமான வாதமல்ல. யூதருக்கு மட்டும் சுவிசேஷம் சொல்லாமல் விடுவதுதான் உண்மையான பாகுபாடு என்கிறார். 1989இல் உலக சுவிசேஷ ஐக்கியத்தார் வெளியிட்ட வில்லோபாங்க் அறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. பவுல் யூதன், பேதுரு யூதன், முதல் சபையே யூதருடையது என்கிறார். எல்லாம் சரி. தானாகத் தேடி வருகிற யூதர் இன்றும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கதவைச் சாத்த நான் யார்? நான் கேட்பது வேறு. பிரித்தானியத் தெருக்களிலும் அமெரிக்கக் கல்லூரிகளிலும் யூதப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றி மறைத்துக்கொண்டு நடக்கிற காலம் இது. 2018இல் பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் பதினொரு பேர். 2025 ஒக்டோபரில், அவர்களுடைய பரிசுத்தமான உபவாச நாளில், மான்செஸ்டர் ஜெபாலய வாசலில் தாக்குதல். இந்தக் காலத்தில் யூதரை இலக்குவைத்துத் திட்டம் போட்டு, பணம் திரட்டி, துண்டுப்பிரசுரம் அச்சடித்துப் போவது, நீங்கள் யூதராக இல்லாமல் போவதே நல்லது என்றுதான் அவர்கள் காதில் விழும். வெறுப்பவனும் அதைத்தானே சொல்கிறான்?

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளை நினைத்துப் பாருங்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன். ஹோட்டல்களில் செத்தவர்களையும் சேர்த்து 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அதன் பிறகு பல மாதம் எங்கள் கோவில் வாசலில் துவக்கோடு ஆமி. நன்மை வாங்கப் போகிற கிழவியின் பையைத் திறந்து பார்த்தார்கள். அந்த வாசலில் யாராவது வந்து, உங்கள் மதத்தை விட்டுவிடுங்கள், நிம்மதி கிடைக்கும் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தால்? 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது நம்முடைய விசுவாச சுதந்திரத்துக்காக நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்த சுதந்திரத்தில், தொந்தரவில்லாமல் தன் மதத்திலேயே இருக்கிற உரிமையும் அடங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் தமிழ் வாசகர் என்னை நம்பமாட்டார். கிபீர் என்ற சொல் வன்னிப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? இஸ்ரேல் செய்த விமானம் அது, 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிய சனம் நம் சனம். காசாவில் பல்லாயிரம் பேர், எத்தனையோ குழந்தைகள், செத்ததைப் பார்த்துத் தமிழர் கொதிப்பது நியாயம். நானும் கொதிக்கிறேன். அந்த அரசைக் கண்டிப்பது யூத வெறுப்பு அல்ல. ஆனால் அந்தக் கோபம் தடம் மாறுகிற இடத்தை நான் கண்டிருக்கிறேன். 2024 ஒக்டோபரில் அறுகம்பையில் இஸ்ரேலியர் மீது தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரிக்கை வந்தபோது, எங்கள் ஊர்க் கடைவாசலில் ஒருவர், "ஹிட்லர் மிச்சம் வச்சது தப்பு" என்றார். கிறிஸ்தவர். என்னிடம் படித்தவர். கடலில் அலைச்சறுக்கு ஆட வந்த பொடியனும் ஹைபாவில் கட்டிலில் கிடக்கிற சஃப்தாவும் காசாவில் குண்டு போடவில்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது? அரசியலிலிருந்து மட்டும் வரவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கேட்ட பிரசங்கத்திலிருந்தும், மூன்றாவது ஜெபத்திலிருந்தும், மணலில் சிப்பி எறிந்த விளையாட்டிலிருந்தும் வருகிறது.

இஸ்ரேல் கொடியை மேடையில் வைக்கிறவர்களும் கவனிக்கவேண்டும். அந்தக் கொடியைக் கொண்டாடிக்கொண்டே யூதரைக் கடைசிக் காலக் கணக்கில் ஓர் எண்ணாக மட்டும் பார்ப்பது அன்பு ஆகாது. ஹைபாக் கிழவிக்கு மருந்து நேரம் தெரிந்திருப்பதுதான் அன்பு.

மும்பையில் 2008 நவம்பர் 26இல் தொடங்கிய தாக்குதலில் நரிமன் ஹவுஸ் யூத இல்லத்தில் ரபி கேப்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கையும் மனைவி ரிவ்காவையும் கொன்றபோது, இரண்டு வயதை எட்டாத அவர்கள் பிள்ளை மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியவர் அந்த வீட்டில் வேலை பார்த்த சாண்ட்ரா சாமுவேல். இந்தியக் கிறிஸ்தவப் பெண். பிள்ளை தன்னைத் தேடுவான் என்று கூடவே இஸ்ரேல் போனார். அவன் யூதனாகவே வளர்ந்தான். இஸ்ரேல் அவருக்குக் குடியுரிமை கொடுத்துக் கௌரவித்தது. யூதர் நடுவே கிறிஸ்தவ சாட்சி எது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன்.

திருச்சபைகளும் மெல்ல நகர்ந்திருக்கின்றன. 1965 ஒக்டோபர் 28இல் வத்திக்கான் சங்கம் 'நொஸ்த்ரா ஏத்தாத்தே' வெளியிட்டு, இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர் எல்லோர்மேலும், இன்றைய யூதர்மேலும் போடக்கூடாது என்றது. 2015இல், யூதரை இலக்குவைத்த நிறுவனரீதியான மிஷன் எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று வத்திக்கானின் ஆணைக்குழு எழுதியது. இங்கிலாந்துத் திருச்சபை 2019இல், கிறிஸ்தவப் போதனை யூத வெறுப்புக்கு உரம் போட்டதை ஒப்புக்கொண்டு ஒரு நூல் வெளியிட்டது. அதன் பின்னுரையை எழுத யூத தலைமை ரபி எப்ராயிம் மிர்விஸைக் கேட்டார்கள். அவர் நன்றி சொன்னார். கூடவே, யூதரை மதம் மாற்றும் முயற்சிகளை நீங்கள் இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லையே என்ற தன் வருத்தத்தையும் அதே நூலில் எழுதினார். என் சபை அந்த ஓர் அடியை இன்னும் எடுத்துவைக்கவில்லை. எடுக்கவேண்டும்.

பிள்ளைக்கு நான் சொன்ன பதில் சின்னது. "வைக்காத மகள். அவங்க உன் கையால சாப்பிடுறவங்க. எழுந்து போகக்கூட முடியாதவங்ககிட்ட அப்பிடிச் செய்யக்கூடாது. பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினேன். அவர் கோபப்படவில்லை. ஜெபித்துப் பார்க்கிறேன் என்றார்.

2025 ஜூனில் ஈரான் ஏவுகணைகள் ஹைபாவுக்கு வந்த ராத்திரிகளில் அவர்கள் இருந்த பழைய கட்டடத்தில் பாதுகாப்பு அறை இல்லை. சைரன் கேட்டதும் சஃப்தாவை முதுகில் சுமந்து மாடிப்படியின் கீழ்த்தளத்துக்கு இறக்குவாளாம். படியிலேயே உட்கார்ந்து சஃப்தா தன் மொழியில் சங்கீதம் சொல்வாராம், இவள் தமிழில் சொல்வாளாம். வெள்ளிக்கிழமை அந்தி சாயுமுன் திரி ஏற்ற சஃப்தாவின் கை நடுங்கினால் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பால் பாத்திரத்தையும் இறைச்சிப் பாத்திரத்தையும் கலக்காமல் கழுவ இப்போது கண்ணை மூடிக்கொண்டே தெரியுமாம்.

மலையகத்துப் போதகர்மாரிடமும் சுவாமிமாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பெரிய வெள்ளிப் பாடுகளை வாசிக்குமுன் இயேசுவும் மாதாவும் பன்னிருவரும் யூதர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வாசியுங்கள். வியாகுல பிரசங்கத்தை விட்டுவிடவேண்டாம், அது நம் சொத்து. நொஸ்த்ரா ஏத்தாத்தேயின் நான்காம் பகுதியையும் அதே இரவில் வாசித்துக் காட்டுங்கள். பழைய ஜெபப் புத்தகம் இன்னும் புழங்குகிற கோவில்களில் மூன்றாவது ஜெபத்தை நிறுத்திவிடுங்கள். இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளைத் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்புங்கள். அவர்கள் பையில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள்.